மண்ணீட்டாளர் மரபும் சிற்பி தனபாலும்

சிற்பம் என்ற அளவிலே தமிழர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது கல்லே. மாமல்லபுரத்துப் பாறைகளும், தஞ்சைப் பெருங்கோயிலின் சுவர்களும், மதுரைத் திருக்கோயிலின் தூண்களும் அவ்வெண்ணத்தை ஆழப் பதித்துவிட்டன. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை ஒரு கல்லின் வரலாறு எனினும் பொருந்தும். சேரன் செங்குட்டுவன் இமயத்திலே கல்லெடுத்து, கங்கையில் நீர்ப்படுத்தி, கனக விசயர் முடிமேல் ஏற்றிக் கொணர்ந்து பத்தினிக்குப் படிமம் அமைத்த செய்தியே அதன் பொருள். ஆயின் அதே காப்பியத்தின் புகார்க் காண்டம் வேறொரு கைவினை மரபினரையும் நினைவில் வைத்திருக்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்துத் தொழில்வல்லாரை நிரல்படக் கூறுமிடத்து, ஓவியராகிய கண்ணுள் வினைஞரை அடுத்து மண்ணீட்டாளரையும் வைத்து எண்ணுகிறது. மண்ணீட்டாளராவார் மண்ணாலும் சுதையாலும் பாவை சமைப்போர்.

கல்தச்சரின் புகழ் கோயில்களோடு நிலைத்தது. மண்ணீட்டாளரின் புகழ் மண்ணோடு கரைந்தது. இருபதாம் நூற்றாண்டிலே அம்மரபுக்குப் புத்துயிர் அளித்து, அதனைப் புதுமைச் சிற்பத்தின் மொழியாகவும் ஆக்கியவருள் முன்னிற்பவர் சென்னைச் சிற்பி எஸ். தனபால் அவர்கள். அவருடைய வாழ்வையும் ஆக்கத்தையும் ஆராய்வது தமிழகத்தார்க்கு மட்டும் உரிய பணியன்று. தமிழகத்தைப் போலக் கற்கோயிற் சிற்பம் விரிந்து பெருகாத மட்டக்களப்பு நாட்டிலே, நல்ல களிமண்ணும் உயிருள்ள கூத்தும் நிறைந்த உன்னிச்சை போன்ற ஊர்களிலே, சிற்பக்கலை எவ்வழியில் வளரக்கூடும் என்னும் வினாவுக்கும் அவ்வாராய்ச்சியில் விடை உண்டு.

கல்லுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு பொருளின் வேறுபாடு மட்டுமன்று. தொழில் நிகழும் முறையின் வேறுபாடுமாகும். கற்சிற்பி வேண்டாதவற்றைக் கழித்துக்கொண்டே செல்கிறான். ஒருமுறை உளி பட்டு உதிர்ந்தது மீளாது. ஆதலின் அளவும் விதியும் அவனுக்கு இன்றியமையாதன. மண்ணீட்டாளனோ சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே செல்கிறான். சேர்த்ததை வழிக்கலாம், வழித்ததை மீண்டும் அப்பலாம். அவனுடைய ஐயமும் துணிவும் விரற்பதிவுகளாக மண்ணிலே எஞ்சி நிற்கும். அவன் உருவத்தை உள்ளே பொள்ளலாக வைத்து, சுவரை எங்கும் ஒத்த கனமுடையதாக்கி, நிழலிலே மெல்ல உலர்த்தி, பின் சூளையில் இடுவான். ஈரம் எஞ்சினால் உருவம் வெடித்துப் போகும். எளிய பொருள் எனினும் பொறுமையை மிகுதியும் வேண்டும் பொருள் அது.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளை உலகமெல்லாம் வியக்கிறது. அவை உலோகத்தில் அமைந்தமையின் அவற்றைக் கல்லின் வரிசையிலே வைத்து எண்ணுவார் பலர். உண்மை வேறு. அத்திருமேனிகள் முதலில் மெழுகால் உருவாக்கப்பட்டவை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவையைக் கையாற் குழைத்து உருவம் சமைத்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்திலே உலோகத்தை வார்த்தனர். காவிரிக் கரையிலே சுவாமிமலையில் இத்தொழில் இன்றும் நிகழ்கிறது. நடராசர் திருமேனியின் குழைவும் உமையின் இடையிலே காணும் நெளிவும் உளியின் பயனல்ல, குழைத்த கையின் பயன். எனவே தமிழ்ச் சிற்பத்தின் மிக உயர்ந்த சாதனையும் மண்ணீட்டாளர் கையோடு உறவுடையதே. இவ்வுண்மையை உணர்ந்தோர்க்குத் தனபால் மேற்கொண்ட வழி புதுவழியாகவும் தொல்வழியாகவும் ஒருங்கே தோன்றும்.

தனபால் 1919 ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரிற் பிறந்தவர். மருத்துவர் அலெக்சாந்தர் ஹன்ரர் 1850 ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளியினின்று வளர்ந்த சென்னை அரசினர் கலைப்பள்ளியிலே ஓவியம் பயின்றார். நடனமும் கற்று மேடையேறியவர். சிற்பத்தையோ பின்னரே தம் துறையாகக் கொண்டார். பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகி, 1970 களிலே அதன் முதல்வராகவும் விளங்கினார். 2000 ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தம் வாழ்க்கையைக் கூறும் நூல் ‘ஒரு சிற்பியின் சுயசரிதை’ என்னும் பெயரில் வெளிவந்துள்ளது. ஓவியமும் ஆடலும் அறிந்த ஒருவர் சிற்பத்துக்கு வந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. கோட்டின் ஓட்டத்தை ஓவியத்தினின்றும், உடலின் எடை ஒரு காலினின்று மறுகாலுக்கு மாறும் நுட்பத்தை ஆடலினின்றும் அவர் அறிந்தார். சிற்பநூல் கூறும் தாளமானத்தை மனப்பாடம் செய்து தொடங்கியவரல்லர் அவர். தம் உடலாலே அறிந்து தொடங்கியவர்.

அவர் பயின்ற காலத்துப் பள்ளித் தலைவராக இருந்தவர் வங்கத்துக் கலைஞர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. 1929 ஆம் ஆண்டு பொறுப்பேற்று 1957 வரை அப்பள்ளியை நடத்தியவர்; அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. சென்னைக் கடற்கரையிலே 1959 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடைய பெருமையைப் பறைசாற்றுவது. பாறையைப் பெயர்க்க முயலும் நால்வரின் தசைநார் ஒவ்வொன்றும் அதிலே முறுக்கேறி நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொடேன் வழிவந்த உருவமெய்ம்மை அது. அத்தகைய ஆசானின் நிழலிலே வளர்ந்த மாணவர்க்கு இருவழிகளே எளியனவாகக் கிடந்தன: ஆசானைப் பின்பற்றி ஐரோப்பிய மெய்ம்மையிலே தேர்ச்சி பெறுதல் ஒன்று, அதனை வெறுத்துக் கோயிற் சிற்பத்தைப் படியெடுத்தல் மற்றொன்று. தனபால் இரண்டையும் மேற்கொள்ளவில்லை. உடற்கூற்றின் அறிவை ஆசானிடம் பெற்றுக்கொண்டார். அவ்வறிவைக் காட்சிப்படுத்துவதை விடுத்தார். ஊர்ப்புறக் குயவரின் சுடுமண்ணையும் சோழர் செப்புத் திருமேனியையும் ஊன்றி நோக்கி, அவற்றினின்று உருவங்களைப் பெறாது, உருவாக்கும் முறையைப் பெற்றார்.

இம்முறையின் வலிமையை அவர் செய்த மனிதத் தலைகளிலே தெளியக் காணலாம். அவற்றுட் புகழ்பெற்றது பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்களின் தலை. பெரியாரை நேரிற் கண்டு அதனை வடித்தார் என்பர். தலைவர் ஒருவரின் உருவத்தைச் செய்வோர் பெரும்பாலும் அவருடைய புகழைச் செய்ய முற்படுவர்: நெற்றியை அகலமாக்குவர், பார்வையைத் தொலைவிலே செலுத்துவர், தோலை மெருகிடுவர். இத்தலையிலோ மெருகு இல்லை. தாடியும் புருவமும் முகத்தின் மடிப்பும் மண்ணை அப்பிய அப்பிலேயே விடப்பட்டுள்ளன. முதுமை அதிலே ஒரு குறையாகவும் மறைக்கப்படவில்லை, ஓர் அணியாகவும் காட்டப்படவில்லை. ஓயாது வாதிட்டு வாழ்ந்த ஒருவரின் முகம் எவ்வாறு ஒருபோதும் அமைதியாக மாட்டாதோ, அவ்வாறே அம்மேற்பரப்பும் அமைதியின்றி ஒளியை உடைத்து உடைத்து வாங்குகிறது.

இங்கு ஒரு முரண்பாட்டையும் நோக்குதல் தகும். 1953 ஆம் ஆண்டு பெரியார் பொதுமேடையிலே களிமண் பிள்ளையாரை உடைத்தார். அச்செய்கை சைவ உலகத்தைப் பெரிதும் வருத்தியது. வழக்குமன்றம் வரை சென்றது. களிமண் உருவத்தை உடைத்த ஒருவரின் உருவத்தைக் களிமண்ணிலே சமைத்தவர், தமிழ்ப் பத்திமைக்கும் அறத்துக்கும் நிலைக்களமாகிய ஔவையையும் இயேசுநாதரையும் அதே கையாற் சமைத்தவர். கொள்கையில்லாக் கைத்தொழிலாளியின் செயல் இது என எண்ணுவது பிழையாகும். எதிரே இருப்பவர் எவர் ஆயினும் அவரிடத்து உள்ள மெய்யான ஒன்றைக் கண்டுகொள்ளும் வரை கையை நிறுத்தாமையே சிற்பியின் அறம். அன்றியும், உடைதலும் கரைதலும் மண்ணுக்குப் பகையல்ல. சதுர்த்தியிற் பிடித்து வழிபட்ட பிள்ளையாரை நீரிலே விடுவதும் இம்மரபின் ஒரு கூறே. தெய்வம் மண்ணில் வந்து தங்கிச் செல்வதே அன்றி மண்ணே தெய்வமன்று என்பதனை அவ்வழிபாடு தானே கற்பிக்கிறது.

ஔவையின் உருவம் வேறொரு வகையிலே கருதத்தக்கது. பெரியாரின் முகத்தைக் கண்டோர் பலர். ஔவையின் முகத்தைக் கண்டார் ஒருவருமில்லை. அத்தகைய உருவத்திலே ஒப்புமை என்னும் பிடிகொம்பு சிற்பிக்கு இல்லை. கதையிற் கேட்ட கோலையும் கூனையும் வைத்து அடையாளம் காட்டிவிடலாம். பலரும் அவ்வாறே செய்தனர். தனபால் அடையாளத்தை நாடாது வடிவத்தைச் சுருக்கினார். தாய் என்னும் பொருளில் அவர் செய்த உருவங்களிலும் இதுவே நிகழ்ந்தது. ஆடையின் மடிப்பும் அணிகலனும் குறையக் குறைய, உடலின் திரட்சியும் தலையின் சாய்வுமே பொருளை உரைக்கத் தொடங்குகின்றன. ஊர்க் குயவன் செய்யும் பாவையிலே மூக்கு ஒரு கிள்ளல், கண் ஒரு குத்தல், கை ஓர் உருட்டல். ஆயினும் அது தாய் என்பதிலே ஐயம் தோன்றுவதில்லை. அச்சிக்கனத்தின் மதிப்பைக் கல்லூரிக் கலைக்கு உணர்த்தியது தனபாலின் பெருந்தொண்டு.

தனபாலின் செல்வாக்கு அவருடைய படைப்புகளோடு முடியவில்லை. கீராம்பூரினின்று வந்த இளைஞராகிய ஆதிமூலத்தைக் கலைக்கல்லூரிக்கு ஆற்றுப்படுத்தியவர் அவர். அவ்விளைஞரே பின்னாளிலே காந்தியடிகளின் கோட்டோவியங்களால் புகழ்பெற்றார். கேரளத்துக் கானாயி குஞ்ஞிராமன் சென்னையிலே பயின்று, மலம்புழை நீர்த்தேக்கத்தின் பூங்காவிலே 1969 ஆம் ஆண்டு யட்சி என்னும் பேருருவைச் சீமெந்திலே சமைத்தார். அதே கல்லூரியில் வளர்ந்த பி. வி. ஜானகிராம், திருவுருவங்களுக்குக் கவசம் செய்வோர் தகட்டைத் தட்டும் முறையைக் கைக்கொண்டு, செப்புத் தகட்டிலே தம் உருவங்களை அமைத்தார். ஒருவர் மண், ஒருவர் சீமெந்து, ஒருவர் தகடு: பொருள்கள் வேறு. தமக்கு அண்மையில் உள்ள கைவினைஞனிடம் சென்று கற்றல் என்னும் நெறி ஒன்றே.

இந்நெறி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதனை ஸ்பெயின் நாட்டுச் சிற்ப வரலாறு காட்டும். பார்சிலோனாவிலே உலோகத் தொழிற் குடும்பத்தில் 1876 இற் பிறந்த ஹூலியோ கொன்சாலெஸ், தொழிற்சாலையிலே கற்ற பற்றவைப்பு முறையைக் கொண்டு இரும்பைச் சிற்பப் பொருளாக்கினார். பிக்காசோவுக்கும் அத்தொழிலிலே துணைநின்றார். அவருக்குப் பின்வந்த எடுவார்டோ சில்லிடா, 1924 இற் பிறந்தவர், ஏறத்தாழத் தனபாலின் காலத்தவர். கட்டடக்கலை பயின்று, பாரிசு நகரம் சென்று, அங்கே கிரேக்கச் சாயலுடைய உருவங்களைச் செய்து மனம் அமையாது, 1951 இல் தம் பாஸ்க் நாட்டுக்குத் திரும்பினார். அங்கே ஊர்க் கொல்லனின் உலைக்களத்திலே இரும்பைக் காய்ச்சி அடித்தபோதே அவருடைய மொழி அவருக்கு அகப்பட்டது. சான் செபாஸ்தியான் நகரின் கடற்பாறைகளிலே 1977 இல் அவர் பொருத்திய மூன்று உருக்கு உருவங்கள் காற்றைக் கோதும் சீப்பென நிற்கின்றன. பாரிசிற் கிடையாதது ஊர்க் கொல்லனிடம் கிடைத்தது. சென்னைக் கல்லூரியின் சாந்துப் படிமங்களிற் கிடையாதது தனபாலுக்குக் குயவனிடம் கிடைத்தது.

ஆயின் இருவர்க்கும் வாய்த்த பேறு ஒத்ததன்று. சில்லிடாவின் படைப்புகளுக்கென ஹெர்னானி என்னும் ஊரிலே 2000 ஆம் ஆண்டு திறந்தவெளிக் கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. இடையிலே 2011 இல் மூடப்பட்டும் 2019 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அக்கூடம் எழுந்த ஆண்டிலே தனபால் மறைந்தார். அது மீளத் திறந்த ஆண்டு தனபாலின் நூற்றாண்டு. பாரதியாரின் கையெழுத்துப் படியைத் தேடிக் காக்கும் தமிழுலகம், தன் சிற்பியின் களிமண் தலையை அவ்வாறு தேடிக் காக்கும் நிலையை இன்னும் எய்தவில்லை.

இவ்விடத்து நடுவுநிலை தவறாது ஒன்றைக் கூறுதல் வேண்டும். தனபாலின் வாழ்வின் பெரும்பகுதி கற்பித்தலிற் சென்றது. சில்லிடா ஒரே பொருளை இரும்பிலும் மரத்திலும் சீமெந்திலும் ஐம்பதாண்டு தொடர்ந்து துருவியது போன்ற இடையறாத வளர்ச்சியைத் தனபாலிடம் எதிர்பார்க்க இயலாது. அவருடைய உருவங்கள் அறையளவின; வெளியளவின அல்ல. பரந்த வெளியை ஆளும் சிற்பம் எத்தகையது என்னும் வினாவை அவர் மாணவரே எடுத்துக்கொண்டனர். இக்குறை அவர் பெருமையை அழிப்பதன்று. அவருடைய பணி எங்கே நின்றது என்பதைக் காட்டுவது.

தனபால் கண்ட நெறியைத் தமிழர் பொதுவாழ்வு ஏற்றுக்கொண்டதா என வினவின், இல்லை என்றே விடை வரும். 1968 ஆம் ஆண்டு சென்னையிலே இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது கடற்கரையிலே சான்றோர் சிலைகள் வரிசையாக நிறுவப்பட்டன. தமிழ்ப் பற்றின் வெளிப்பாடாக அவை போற்றத்தக்கன. அவற்றோடு, சிலை வைத்தலே நன்றி செலுத்தலாகும் என்னும் வழக்கமும் வேர்கொண்டது. அவ்வழக்கத்தில் உருவம் யாரைக் குறிக்கிறது என்பதே வினா. உருவம் உயிருடையதா என்பது வினாவன்று. அவ்வரிசையிலே சிலம்பேந்தி நின்ற கண்ணகி சிலை 2001 ஆம் ஆண்டு அகற்றப்பட்டு 2006 இல் மீண்டும் நிறுவப்பட்டது. அதனைப் பற்றி எழுந்த வாதங்கள் பல. அது நல்ல சிற்பமா என்னும் வாதம் மட்டும் எழக் காணோம்.

அதே கண்ணகி மட்டக்களப்பு நாட்டிலே வேறு கோலத்திலே எழுந்தருளுகிறாள். வைகாசித் திங்களிலே கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்தி செய்து நிறைவுறும் அச்சடங்கிலே அம்மையின் முகக்களையே கும்பத்தின்மேல் விளங்கும். ஓங்கிய கையில்லை; சிலம்பை வீசும் வேகமில்லை. சினம் தணிந்து குளிரவேண்டிய ஒரு முகம் மட்டும் உண்டு. மதுரையை எரித்த நிகழ்ச்சியை முழுவதும் பாட்டு ஏற்றுக்கொள்ளுதலின் உருவம் வாளா இருக்கிறது. கடற்கரைச் சிலை தானே கதையைச் சொல்ல முயன்று மேடை நடிப்பாகிறது. கிராமத்து முகமோ சொல்லாது விட்டு ஆழமாகிறது. தனபாலின் தலைகளுக்கு உறவு தேடின், அது அம்முகத்தோடேயே அமையும்.

படுவான்கரையிலே உன்னிச்சைக் குளத்தின் நீர் பாயும் வயல்நிலமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இக்கலைக்கு வேண்டிய அனைத்தும் உடையன. செங்கல்லுக்கும் பானைக்கும், மட்டக்களப்பு எருமைத் தயிரை உறையிடும் சட்டிக்கும் ஆகிய மண் அங்கே மிக உண்டு. உடலின் தாளத்தை அறிவிக்க வடமோடியும் தென்மோடியும் உண்டு. வட்டக்களரியிலே ஆடிப் பழகிய ஓர் இளைஞன், தனபால் நடனத்தினின்று பெற்ற அறிவை ஏற்கெனவே பெற்றவனாகிறான். கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கட்புலக் கலையையும் ஒரு துறையாகக் கற்பிக்கிறது. இல்லாதது ஒன்றே: மண்ணிலே செய்தது சிற்பமாகும் என்னும் மதிப்பு. போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன; சந்திகளிலும் பாடசாலைகளிலும் சிலைகள் எழுந்தன. அச்சிலே வார்த்துப் பொன்வண்ணம் தீட்டிய சீமெந்து உருவத்தைத் தருவித்தல் எளிது. ஊர்க் குயவனையும் ஊர் மாணவனையும் ஒருங்கே அமர்த்தி, தம் பெரியோரின் முகத்தைத் தாமே நோக்கிச் சமைக்கச் செய்தல் அரிது. அரியதைச் செய்தாலன்றிக் கலை வளராது.

இதற்கு முன்மாதிரி அயலிலே தேடவேண்டியதில்லை. காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மறைந்துபோன யாழை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை அளித்தார். அக்காப்பியத்தின் ஒரு காதையினின்று இசை மீண்டது. பிறிதொரு காதையிலே மண்ணீட்டாளர் இன்னும் காத்திருக்கின்றனர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்திலே கல்நந்தி புல்லுண்டு எழுந்தது என்னும் ஐதிகத்தை மட்டக்களப்பார் இன்றும் பத்தியோடு உரைப்பர். உருவம் உயிர்பெற வேண்டும், அல்லாதவழி அது வெறுங்கல் என்பதே அவ்வைதிகத்தின் உட்பொருள். சிற்பத்தை அளக்க இதனினும் கடுமையான அளவுகோல் எந்நாட்டுத் திறனாய்வாளரும் வகுத்ததில்லை. தனபாலின் சுடுமண்ணும் வெண்கலமும் அவ்வளவுகோலுக்கு ஈடுகொடுத்து நிற்பன. இனி எழும் சிலைகளும் அதனாலேயே அளக்கப்படுதல் வேண்டும்.